இதைவிட நல்ல கியர் பாக்ஸ்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் உங்கள் தங்கையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் அவள் என் போனை எடுப்பதில்லை. "போன்ல நீங்க கட்டின கோட்டையெல்லாம் போதும். இனிமே எதுவா இருந்தாலும் எழுதுங்க, அதுவும் எங்க அண்ணனுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் தலையில் குட்டாதீர்கள்.

கிளம்பும்போது அவள் வேறென்ன சொன்னாள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க முழுசா முடிச்ச வேலைன்னு ஒண்ணு இல்ல. அந்தக் காரையாவது முடிங்க. முடிச்சு, ஓட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டு வாசலுக்கு வாங்க. ஒரு வார்த்தை பேசாம ஏறி உக்காந்துடுறேன். இல்லேன்னா வராதீங்க." அவள் சொன்னதில் பொய் இல்லை. குளியலறைக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் வாளி இருக்கிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்த்து ஒழுங்காக ஏற்றி இறக்குகிறவன் வீட்டு லட்சணம் இது.

அத்தை விஷயமும் என்னை அறுக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நான் அன்று இறக்கிப் போட்டிருக்கக் கூடாது. அத்தைக்கு முடியவில்லை என்று போன் வந்ததும், "சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுறேன், கார்லயே போயிடலாம்" என்று சொல்லியிருக்கவும் கூடாது. அவள் என்னை நம்பி, இருட்டும்வரை மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. உங்களுக்கும் அவர் அம்மாதானே. உங்களுக்கு இதை எழுதவே கூசுகிறது. ஆனால் கியர் பாக்ஸ் என்றால் உங்களை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

நிலவரம் இதுதான். நம் சின்னக் காரில் இப்போது ஒரு வேனின் எஞ்சினை உட்கார வைத்திருக்கிறேன். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் கிடைத்தது. புதிதாக எதுவும் வாங்க வழியில்லை, உங்களுக்கே தெரியும். பழைய எஞ்சினைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். காரின் பழைய கியர் பாக்ஸ் இந்த இழுப்பைத் தாங்காது, பல் கழன்றுவிடும். வேன் எஞ்சினோடு அதன் சொந்த ஐந்து கியர் பாக்ஸும் சேர்ந்து வந்திருக்கிறது. காரின் தரையில் இருக்கிற ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கினால் உட்கார்ந்துவிடும். இது போதுமா, போதாதா? நீங்கள் ஒரு 'ம்' போட்டால் மாட்டிவிடுவேன். அடுத்த மாதமே உங்கள் வாசலில் நிற்பேன்.

அவளிடம் சொல்லுங்கள், இந்தத் தடவை நிஜமென்று. அவள் தலையணையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் நான் இன்னும் படுப்பதில்லை, ஓரத்திலேயேதான் படுக்கிறேன். இதையும் சொல்லுங்கள். வேண்டாம், இதைச் சொல்ல வேண்டாம், சிரிப்பாள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 21

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. பிழைகள் இருந்தன, குட்டவில்லை.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுவோம்.

வேனோடு வந்த பெட்டி போதும். சுமை இழுக்கச் செய்தது என்பதால் கியரெல்லாம் குட்டையாக இருக்கும். எண்பதைத் தாண்டினால் எஞ்சின் கத்தும், உங்களுக்குக் காது வலிக்கும், அவ்வளவுதான். கத்திக்கொண்டே வந்து சேரலாம். எஞ்சினோடு பிறந்த பெட்டி, நான்கு போல்ட்டில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. அதே கம்பெனியின் பெரிய காரில் வரும் ஐந்து கியர் பெட்டி. அதில் ஐந்தாவது நீளமானது. நூறில் போனாலும் எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டு கிடக்கும். என்ன, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு கடைந்து வைக்க வேண்டும், கிளட்ச் தட்டை மாற்ற வேண்டும். உங்கள் இஷ்டம்.

தங்கை இப்போது என் பட்டறையில் கவுண்டரில் உட்காருகிறாள். என்னிடம் பேரம் பேசி என்னை அழவைத்த வாடிக்கையாளர்களெல்லாம் அவளிடம் வாயைப் பொத்திக்கொண்டு கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இப்படிக்கு,
மச்சான்


பிப்ரவரி 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா?

'இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது' என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்த பிறகு வேனின் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நல்லது இருக்கும்போது மட்டமானதை மாட்டிக்கொண்டு வந்து நின்றால் அவள் என்ன நினைப்பாள்? வாசலில் எஞ்சின் கத்திக்கொண்டு நின்றால் உங்கள் தெருவே சிரிக்கும்.

வண்டி உடைக்கும் இடத்துக்காரரிடம் போனேன். வேனின் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கூடக் கொஞ்சம் போட்டுப் பெரிய காரின் பெட்டியை வாங்கிவிட்டேன். கழுவித் துடைத்து, ஷெட்டின் நடுவில் விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசா பொறந்ததா?" என்று கேட்டார். ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். என்ன ஒரு வழுவழுப்பு!

நடுவில் வைக்கும் தட்டு எத்தனை கனம் இருக்க வேண்டும்? லேத்துக்காரர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னால் அதுவே முடிவு. இதனால் இன்னும் ஒரு மாதம் ஆகும், அவளிடம் சொல்லிவிடுங்கள். கவுண்டரில் உட்காருவது கேட்டுச் சந்தோஷம். முன்சீட்டில் அவள் பக்கம் மட்டும் நன்றாகச் சாய்கிற மாதிரி மாற்றப் போகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 5

மாப்பிள்ளைக்கு,

நலம். தட்டின் அளவைத் தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். லேத்துக்காரர் சொன்னது தப்பு, நீங்கள் நினைத்ததும் தப்பு.

வாங்கிய பெட்டி நல்ல பெட்டி. மாட்டுங்கள், போதும்.

வேறொன்று. தங்கைக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசை உண்டு என்று இப்போதுதான் எனக்கே தெரியும். கிளட்ச்சும் கியரும் இருந்தால் பயப்படுவாள். ஆட்டோமேட்டிக் பெட்டி போட்டால் கிளட்ச்சே இல்லை, ஒரு வாரத்தில் ஓட்டிவிடுவாள். உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகிற ஆட்டோமேட்டிக் ஒன்று உண்டு. ஆனால் உடம்பு பெருத்தது. அதற்கு இடம் கொடுக்கக் காரின் தரையை நடுவில் வெட்டித் திறக்க வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். யோசித்துச் செய்யுங்கள்.

அவள் கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். நான் சமைத்தால் யாரும் மெலியத்தான் செய்வார்கள்.

மச்சான்


ஏப்ரல் 18

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வெட்டிவிட்டேன்!

யோசித்துச் செய்யச் சொன்னீர்கள். யோசித்தேன். அவளே ஓட்டுவாள் என்றால் அதைவிட என்ன வேண்டும்? பெரிய காரின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கி என்றால் நான்கு பேர் சேர்ந்து. ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டர் வைத்துத் தரையைத் திறந்தபோது தீப்பொறி பறந்து பின்சீட்டு பற்றிக்கொண்டது. பயப்படாதீர்கள், சமையலறை வாளி உதவியது. இப்போது காருக்குள் உட்கார்ந்தால் நடுவில் மண் தரை தெரிகிறது.

ஒரு சிக்கல். இந்தப் பெட்டி எப்போது எந்தக் கியருக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு மின்சாரக் கன்ட்ரோல் பெட்டி இருக்கிறதாமே? அது இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். அது எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா? பெட்டியின் எண்ணை அடியில் எழுதியிருக்கிறேன். எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயை முன்னால் வைப்பதா, பக்கத்தில் வைப்பதா என்பதையும் எழுதுங்கள்.

எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

மாப்பிள்ளை


மே 4

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். தங்கைக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்திருக்கிறது. வலி இல்லை என்கிறாள். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மாதம் பதினெட்டாம் தேதி ஆபரேஷன்.

நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குக் கன்ட்ரோல் பெட்டி கிடைப்பது குதிரைக் கொம்பு. குழாயை முன்னால் வையுங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று தோன்றினால் ஆறு கியர் உள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. பந்தயக் கார் வைத்திருக்கிறவர்கள் தேடி அலைவது. உங்கள் எஞ்சினில் அதைப் பூட்டினால் அதற்குமேல் இந்த உலகத்தில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. முதல் கியருக்கு முப்பத்திரண்டு பல்.

பின்குறிப்பு: இதை மட்டும் நானாகச் சேர்க்கிறேன். எதையாவது ஒன்றை மாட்டிக்கொண்டு வாங்க, மாப்பிள்ளை. கத்தினாலும் பரவாயில்லை, உருண்டு வந்தாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் பஸ்ஸில் வாங்க. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் வாங்க.

மச்சான்


ஜூன் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

பதில் எழுதத் தாமதம், கோபிக்க வேண்டாம். ஆறு கியர் என்று நீங்கள் எழுதியதும் ஓர் இடம் விடாமல் அலைந்தேன். கடைசியில் பந்தயக் கார் ஓட்டுகிற ஒருவரின் கொட்டகையில் கிடைத்தது. முப்பத்திரண்டு பல்லையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன், என்னை யாரும் ஏமாற்ற முடியாது! ஆட்டோமேட்டிக்குக்காக வெட்டின இடத்தைத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். என் பற்றவைப்பைப் பார்த்த லேத்துக்காரர், "இதை வெளியில யாருக்கும் காட்டாதீங்க" என்றார்.

பஸ்ஸில் வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வந்து நின்றால் அவள் எதில் ஏறுவாள்? காரை முடித்துக்கொண்டு வா என்றாள், முடித்துக்கொண்டுதான் வருவேன். இந்த ஒரு விஷயத்தில் நான் பேச்சு மாறமாட்டேன் என்று அவளுக்கும் தெரியட்டும்.

எஞ்சினின் நடுத்தண்டு முனையில் உட்காருகிற பேரிங் இந்தப் பெட்டிக்குச் சிறியதாக இருக்கிறது. புதிதாகக் கடைய வேண்டுமா? அளவு வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 25

மாப்பிள்ளைக்கு,

பேரிங்கின் அளவு தனித் தாளில். பித்தளையில் கடையச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டேன். இனி கேட்க ஒன்றுமில்லை, சொல்லவும் இல்லை.

தங்கைக்குத் தையல் பிரித்தாயிற்று.

மச்சான்


ஆகஸ்ட் 30

என் அருமை மச்சானுக்கு,

நலமோ நலம்! நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

முடிந்துவிட்டது, மச்சான். நான், ஒரு வேலையை, முடித்துவிட்டேன். நேற்றுக் காலை சாவியைத் திருப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், நுரையோடு ஓடி வந்தார். முதல் கியர் போட்டதும் நகர்ந்த அழகை எழுத எனக்குத் தெரியவில்லை. பெரிய சாலைக்குப் போய் ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஆறாவதில் எஞ்சின் சத்தமே இல்லை. சன்னலை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நானே பாடினேன். என் தொண்டைக்குப் பயந்து எதிரே வந்த லாரி ஒதுங்கியது.

வருகிற பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்னால் கிளம்புகிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு உங்கள் வாசலில் நிற்பேன். அவள் சொன்னபடி ஒரு வார்த்தை பேசாமல் ஏறட்டும். நானும் பேசமாட்டேன். ஆறாவது கியர் விழும்போது அவளே திரும்பிப் பார்ப்பாள், பாருங்களேன்.

சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறேன். உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. நீங்கள் மட்டும் அந்த முதல் கடிதத்தில் 'இதைவிட நல்லது' என்று எழுதாமல் இருந்திருந்தால், நான் ஏதோ ஒரு ஓட்டை வேன் பெட்டியோடு பிப்ரவரியிலேயே வந்து நின்றிருப்பேன்!

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 4

உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்பது தெரியும், எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் அதுதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.

அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். உங்கள் கடிதம் ஒன்றைக்கூட அவர் என்னிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கவுண்டரில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். முதல் கடிதம் வந்த அன்றே பதில் எழுதிவிட்டார். 'வேன் பெட்டி போதும், மாட்டிக்கொண்டு வாருங்கள்' என்று முடித்து உறையை ஒட்டப் போனார். நான்தான் தாளைப் பிடுங்கினேன். "இதைவிட நல்லது ஒண்ணு இருக்குன்னு சேர்த்து எழுதுண்ணா" என்றேன்.

"எதுக்கும்மா? மனுஷன் கிளம்பி வரட்டுமே."

"வரட்டும். வேண்டாம், எனக்கு இதுவே போதும்னு எழுதிட்டு வரட்டும்."

அம்மாவுக்கு முடியாமல் போன அன்று நான் பையோடு உட்கார்ந்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இன்னொன்றை எழுதவில்லை. நாலு மணிக்கு நீங்கள் ஷெட்டிலிருந்து தலையை நீட்டி, "எஞ்சின் உக்காந்தாச்சு. இந்த போல்ட் மட்டும் பழசு, கடைக்குப் போயி நல்லதா வாங்கிட்டு வந்துடுறேன்" என்றீர்கள். "இன்னிக்கு ஒரு நாள் பழசே போதாதா?" என்று கேட்டேன். "நல்லது இருக்கும்போது எதுக்கு?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்த நேரத்தில் இங்கே அம்மா கண்ணைத் திறந்து, நான் வந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறாள். அண்ணன், "வழியில இருக்காம்மா" என்று பொய் சொல்லியிருக்கிறார். நான் வழியில் இல்லை. நீங்கள் போல்ட் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அதனால்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, என் ஒருத்திக்காக ஒரு தடவையாவது உங்கள் வாயில் 'போதும்' என்ற சொல் வருமா என்று. பெரிய காரின் பெட்டியை வாங்கினீர்கள். சரி என்று இன்னொன்றைச் சொன்னேன். ஆட்டோமேட்டிக் என்று எழுதச் சொன்னபோது நான் சிரித்தேன். நான் செய்தது குரூரம்தான், தெரிந்தேதான் செய்தேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஆனால் 'வெட்டிவிட்டேன்' என்ற உங்கள் கடிதத்தை அண்ணன் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அவர்தான் அன்று, "இத்தோட விடும்மா, பாவம்" என்றார். ஆறு கியர் என்று எழுத வைத்தது என் பிடிவாதம். பின்குறிப்பை அவர் எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் நிலையத்தில் போய் உங்களுக்காக நின்றிருக்கிறார். கடைசி பஸ் காலியான பிறகு வீட்டுக்கு வந்து, எண்ணெய் வாங்கப் போயிருந்தேன் என்றார். கையில் எண்ணெய் இல்லை.

எடுத்தது சாதாரணக் கட்டிதான். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அந்த வேன் பெட்டியோடு கத்திக்கொண்டு வந்திருந்தால் ஏறியிருப்பேன். ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். இப்போது நீங்கள் முடித்திருப்பது உங்கள் கார். நன்றாக ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
நான்


செப்டம்பர் 13

மாப்பிள்ளை,

நலம் விசாரிக்க நேரமில்லை. பட்டறையில் உட்கார்ந்து அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவள் எழுதினதை மனதில் வைக்காதீர்கள். நேற்று வெள்ளிக்கிழமை. வராதே என்று எழுதிப் போட்டவள் காலையிலிருந்து கவுண்டருக்கு வரவில்லை. மாடி சன்னலில் நின்றாள். வெளியே போகிற செருப்பை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நின்றாள். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் லாரியைக்கூட விடவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனதும் கீழே இறங்கி வந்து என்னிடம் கத்தினாள். "வராதேன்னா வராமலே இருந்துடுறதா? அதையும் நானே சொல்லிக் கொடுக்கணுமா?" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை.

அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். நீங்கள் வாசலில் வந்து நின்றால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு இருக்கிற மனசு அடுத்த மாதம் அவளுக்கு இருக்காது. ஊர்விட்டு ஊர் போய் ஒரு வேலையில் சேரக் கூப்பிட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். சாவியைத் திருப்புங்கள், கிளம்புங்கள்.

மச்சான்


செப்டம்பர் 22

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள், ஆனால் எழுதாமல் எப்படி இருப்பது? அவள் சன்னலில் நின்றாள் என்ற வரியைச் சத்தமாகப் படித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் லாரியையும் விடவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அங்கே அழுதுவிட்டேன்.

கழுத்துக் கட்டியைப் பற்றி அவள் எழுதியதைப் பார்த்து உங்கள் மே மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். இருக்கிறது, மச்சான். முதல் பத்தியிலேயே இருக்கிறது. முப்பத்திரண்டு பல் என்ற இடத்தில் நான் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கட்டி அதற்கு மேலேதான் இருக்கிறது. நான் எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்கே விளங்கவில்லை.

உடனே கிளம்பியிருப்பேன். ஆனால் அவள் கடிதம் வந்த அன்றே நான் ஆறு கியர் பெட்டியைக் கழற்றி இறக்கிவிட்டேன். வேன் பெட்டியோடு வந்திருந்தால் ஏறியிருப்பேன் என்று அவள் எழுதியிருந்தது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாயால் மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவள் கேட்டது எதுவோ அதையே மாட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே வந்து நிற்பதுதான் நியாயம். நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். கார் இப்போது ஜாக்கிமேல் நிற்கிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டேன், வேறு நினைப்பே இல்லை. இந்தத் தடவை முழுக்க முழுக்க அவளுக்காக.

நான் கொடுத்த வேன் பெட்டியை வண்டி உடைக்கும் இடத்துக்காரர் உடைத்து விற்றுவிட்டார். அதே வகையில் வேறொன்று பார்த்துவிட்டேன். மூன்றாவது கியரின் பல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஓடாது என்றில்லை, ஓடும். மாட்டினால் இந்த வாரமே உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம். ஆனால் அடுத்த மாதம் ஒரு வேன் உடைப்பதற்கு வருகிறதாம், அதில் இருப்பது இதைவிட நல்ல நிலையில் இருக்கும் என்று சொல்கிறார். அவளைத் தேய்ந்த கியரில் கூட்டிக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை. அதனால் காத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை